விடுபட்ட 15,841 பேர்: தரவு இறக்குமதியில் சத்தமில்லாமல் நேர்ந்த ஓர் இழப்பின் நிகழ்வு ஆய்வு

2020ஆம் ஆண்டு செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 2 வரையிலான நான்கு நாட்களுக்கு பிரிட்டன் அரசு அறிவித்த புதிய கொரோனா தொற்றுகளின் எண்ணிக்கை இது: 7,143, 7,108, 6,914, 6,968. செப்டம்பர் முழுவதும் ஏறிக்கொண்டே வந்த தொற்று, ஏழாயிரத்தைத் தொட்டதும் நின்றுவிட்டது போன்ற தோற்றம். பிறகு தெரியவந்த உண்மைக் கணக்கைச் சேர்த்தால் அதே நான்கு நாட்கள் இப்படி மாறுகின்றன: 8,558; 10,157; 11,047; 11,754. நோய் நிற்கவில்லை, நாளுக்கு எழுநூறு முதல் ஆயிரத்து அறுநூறு வரை ஏறிக்கொண்டிருந்தது. ஆய்வகங்கள் சரியாகப் பரிசோதித்தன, முடிவுகளைச் சரியாக அனுப்பின. அந்த முடிவுகள் ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு மாறும் இடத்தில் உதிர்ந்துபோயின.

அந்த வாரம் நடந்ததைப் பற்றிய பேச்சு அப்போது பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்தது: எக்செலை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் பெருந்தொற்றுக் கணக்கைப் பார்த்தார்களாம் என்று. தரவுத்தளங்களோடு அன்றாடம் புழங்குபவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. எக்செலின் இடத்தில் வேறு எந்தக் கருவியை வைத்திருந்தாலும் இதே இழப்பு நேர்ந்திருக்க முடியும். எத்தனை அனுப்பினார்கள், எத்தனை வந்து சேர்ந்தன என்று கேட்கும் ஓர் இடம் அந்தப் பாதையில் இல்லை. இறக்குமதி, ஏற்றுமதிக் கருவிகளில் வேகம், வசதி, அழகான திரை ஆகியவற்றுக்கெல்லாம் முன்னால் திருத்தப்பட வேண்டியது அந்த ஒன்றுதான் என்பது என் உறுதியான கருத்து.

தரவு போன பாதை

இங்கிலாந்தில் பரிசோதனைகள் இரண்டு வழிகளில் நடந்தன. மருத்துவமனைகளிலும் பொதுச் சுகாதார ஆய்வகங்களிலும் நடந்தவை ஒரு வழி. பொதுமக்களுக்காகப் பெரிய அளவில் அமைக்கப்பட்ட, தனியார் நிறுவனங்களும் பங்கேற்ற ஆய்வகங்கள் இரண்டாவது வழி. இந்த இரண்டாவது வழியில் முடிவுகள் சிஎஸ்வி கோப்புகளாக, அதாவது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய வெற்று உரைக் கோப்புகளாக, வந்தன. பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பு அவற்றைத் தானாக எடுத்து எக்செல் வார்ப்புருக்களில் (முன்பே அமைத்து வைத்த வெற்றுக் கோப்புகளில்) நிரப்பி, அங்கிருந்து மைய அமைப்பில் ஏற்றியது. மைய அமைப்பிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. ஒன்று, அன்றாட எண்ணிக்கையை மக்களுக்குக் காட்டிய தகவல் பலகை. மற்றொன்று, தொற்று உறுதியானவர்களை அழைத்து அவர்களோடு பழகியவர்களைக் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தச் சொல்லும் 'டெஸ்ட் அண்டு ட்ரேஸ்' பணி.

வார்ப்புருக்கள் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் இருந்தன என்று அக்டோபர் 5 அன்று பிபிசி செய்தி வெளியிட்டது. அந்த வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. ஒவ்வொரு பரிசோதனை முடிவும் பல வரிசைகளைப் பிடித்ததால், ஒரு வார்ப்புருவில் ஏறத்தாழ 1,400 பேருக்குத்தான் இடம் இருந்தது. அதற்கு மேல் வந்தவர்கள் அப்படியே விடுபட்டார்கள். அமைப்பின் அதிகாரபூர்வ அறிக்கை இதையே, தொற்று உறுதியான முடிவுகள் அடங்கிய சில கோப்புகள் உச்ச அளவைத் தாண்டிவிட்டன என்று சொன்னது.

நாள்வாரியாக விடுபட்டவர்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். செப்டம்பர் 25 அன்று 957 பேர். மறுநாள் 744, அதற்கடுத்த நாள் 757. திங்கட்கிழமையான 28ஆம் தேதி ஒருவர்கூட விடுபடவில்லை. 29 அன்று 1,415. 30 அன்று 3,049. அக்டோபர் 1 அன்று 4,133. அக்டோபர் 2 அன்று 4,786. கூட்டினால் 15,841.

இந்த வரிசையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 28ஆம் தேதியின் பூஜ்ஜியம். தினமும் ஒரே அளவில் இழப்பு நேர்ந்திருந்தால் யாராவது சீக்கிரம் கவனித்திருக்கலாம். வரம்பு முட்டும் பிழை அப்படி நடந்துகொள்வதில்லை. வரத்து குறைந்த நாளில் எல்லாம் சரியாக நடக்கும்; அன்றைக்குச் சோதித்துப் பார்த்தவருக்கு நம்பிக்கையும் வரும். வரத்து கூடக் கூடத்தான் இழப்பு பெருகும், அதாவது தரவு மிகவும் தேவைப்படும் நாளில். அக்டோபர் 2 அன்று அறிவிக்கப்பட வேண்டிய 11,754 பேரில் பத்தில் நான்கு பேர் காணாமல் போயிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை இரவு பிழை கண்டுபிடிக்கப்பட்டது. சனிக்கிழமை அதிகாலை ஒரு மணிக்குள் விடுபட்ட அனைவரின் விவரங்களும் தடமறியும் பணிக்கு அனுப்பப்பட்டன. கோப்புகளைச் சிறு சிறு தொகுதிகளாகப் பிரித்து ஏற்றத் தொடங்கினார்கள். விடுபட்டவர்களையும் சேர்த்து அறிவித்ததால் அக்டோபர் 3ஆம் தேதி எண்ணிக்கை 12,872 ஆகவும், 4ஆம் தேதி 22,961 ஆகவும் தாவியது.

பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கு அவரவர் முடிவு உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள், ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள், ஒன்றாகப் பயணம் செய்தவர்கள் ஆகியோருக்குத்தான் அழைப்பு போகவில்லை. அக்டோபர் 5 அன்று நாடாளுமன்றத்தில் பேசிய சுகாதார அமைச்சர் மேட் ஹான்காக், விடுபட்டவர்களில் 51 சதவீதத்தினரையே அதுவரை தடமறிதலுக்காகத் தொடர்புகொள்ள முடிந்திருக்கிறது என்று தெரிவித்தார்.

இதன் விலை என்ன என்பதை தீமோ ஃபெட்சர், தாமஸ் கிரேபர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அளந்தார்கள். விடுபட்டவர்கள் நாடெங்கும் சமமாகப் பரவியிருக்கவில்லை. சில பகுதிகளில் அதிகம், சிலவற்றில் குறைவு. எந்தப் பகுதி எவ்வளவு பாதிக்கப்பட்டது என்பது தற்செயலாக அமைந்ததால், அது ஓர் இயற்கைப் பரிசோதனையாகவே ஆகிவிட்டது. 2021இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியான அவர்களது ஆய்வின்படி, தடமறிதலிலிருந்து விடுபட்டவர்களோடு ஒப்பிட்டால், முறையாகத் தடமறியப்பட்டவர்களைத் தொடர்ந்து வந்த புதிய தொற்றுகள் அடுத்த ஆறு வாரங்களில் 63 சதவீதமும், இறப்புகள் 66 சதவீதமும் குறைவு. இது அடக்கமான மதிப்பீடு என்றே அவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஓர் இறக்குமதிப் பிழையின் விளைவு உயிர்களில் இவ்வளவு துல்லியமாக அளக்கப்பட்டது மிக அரிது. 'கொஞ்சம் வரிசைகள் விட்டுப்போயிருக்கும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சு எழும் ஒவ்வொரு கூட்டத்திலும் இந்த இரண்டு சதவீதங்களையும் யாராவது நினைவுபடுத்த வேண்டும்.

65,536 என்ற சுவர்

எக்ஸ்எல்எஸ் வடிவம் வரிசை எண்ணைப் பதினாறு பிட்டுகளில் (0 அல்லது 1 என்ற இலக்கங்களில்) எழுதுகிறது. இரண்டின் பதினாறாம் அடுக்கு 65,536. வரம்பு அங்கிருந்து வருகிறது. எக்செல் 97 வந்தபோது அது தாராளமான இடமாக இருந்தது. அதற்கு முந்தைய பதிப்பில் 16,384 வரிசைகள்தான். 2007இல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவம் இதை 10,48,576 ஆக உயர்த்தியது. பெருந்தொற்று வந்தபோது புதிய வடிவத்துக்குப் பதின்மூன்று வயது.

புதிய வடிவத்துக்கு மாறியிருந்தால் போதுமே என்று பலர் சொன்னார்கள். பதினாறு மடங்கு இடம் கிடைத்திருக்கும், உண்மை. அந்த அக்டோபர் இரவில் கோப்புகளைப் பிரித்து ஏற்றியதும் சரியான முதலுதவியே. ஆனால் இரண்டுமே சுவரைச் சற்றுத் தள்ளி வைக்கும் வேலைகள். எல்லாக் கருவிகளுக்கும் எங்கோ ஒரு வரம்பு உண்டு: கோப்பின் அளவு, நினைவகம், நெடுவரிசையின் நீளம், இணைப்பு அறுந்துபோகும் கால அளவு. வரம்பு இருப்பதில் தவறில்லை. வரம்பில் மோதும்போது கருவி என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

இதுபோன்ற வரிசை வரம்பில் மோதும் மென்பொருள்களைப் பாருங்கள். பெரிய சிஎஸ்வி கோப்பை ஒருவர் எக்செலில் கையால் திறந்தால், தரவு முழுமையாக ஏறவில்லை, இப்படியே சேமித்தால் ஏறாதது போய்விடும் என்று எச்சரிக்கை வருகிறது. பைத்தான் நிரல்மொழியில் எக்ஸ்எல்எஸ் எழுதப் பயன்பட்ட எக்ஸ்எல்டபிள்யூடி நூலகம், வரம்புக்கு வெளியே ஒரு வரிசையை எழுத முயன்றால் இந்த வடிவம் அதை அனுமதிக்காது என்று பிழை எழுப்பி நின்றுவிடும். ஆகவே சத்தம் போடும் வழி இல்லாமல் இல்லை. தானியங்கி வேலைகளில் அந்தச் சத்தம் வழக்கமாக அடைக்கப்பட்டுவிடுகிறது என்பதே சிக்கல். இரவு இரண்டு மணிக்கு ஓடும் நிரலில் 'சரி' பொத்தானை அழுத்த ஆள் இருக்க மாட்டார் என்பதால், எச்சரிக்கைப் பெட்டிகளை அணைத்துவிடச் சொல்லி நிரலின் முதல் வரியிலேயே எழுதுவது பரவலான பழக்கம். மனிதர் பார்க்கட்டும் என்று வைக்கப்பட்ட எச்சரிக்கை, மனிதர் இல்லாத இடத்தில் யாருக்கும் போய்ச் சேராமல் மறைகிறது.

எண்ணிச் சேர்க்கும் பழைய வழக்கம்

கிடங்கில் லாரி வந்து நின்றதும் பொறுப்பாளர் முதலில் கேட்பது, எத்தனை மூட்டை ஏற்றினார்கள் என்று எழுதிய சீட்டை. இறக்கிய மூட்டை அதோடு ஒத்துப்போகாமல் கையெழுத்து விழாது. கணினித் துறையிலும் இந்த வழக்கம் புதியதல்ல. அமெரிக்காவின் ஏசிஎச் என்ற வங்கிப் பரிமாற்றக் கோப்பை எடுத்துக்கொள்ளலாம். கோப்பின் கடைசியில் ஒன்பது என்ற எண்ணில் தொடங்கும் கட்டுப்பாட்டுப் பதிவு ஒன்று இருக்கும். உள்ளே எத்தனை தொகுதிகள், எத்தனை பதிவுகள், மொத்தப் பற்று எவ்வளவு, மொத்த வரவு எவ்வளவு என்பதோடு, பணம் பெறும் வங்கிகளின் அடையாள எண்களையெல்லாம் கூட்டிய ஒரு தொகையும் அதில் இருக்கும். அந்தத் தொகைக்குத் தனியாக எந்தப் பொருளும் கிடையாது. ஒரு வங்கி எண்ணில் ஓர் இலக்கம் புரண்டாலும் கூட்டல் மாறிவிடும் என்பதற்காகவே அதைச் சேர்க்கிறார்கள். பெறும் பக்கம் தானே கூட்டிப் பார்த்து, ஒன்று பொருந்தாவிட்டாலும் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடும்.

பணத்துக்கு இந்த மரியாதை கிடைத்திருக்கிறது. நோயாளிகளின் பட்டியலுக்கு, மாணவர் மதிப்பெண்ணுக்கு, நில ஆவணத்துக்கு, வாக்காளர் பெயருக்கு ஏன் கிடைக்கக் கூடாது? சிஎஸ்வி என்ற வடிவத்தில் இதற்கு இடமே இல்லை. 2005இல் வெளியான ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் அந்த வடிவத்தின் விதிகளை எழுதிவைத்தது. மேற்கோள் குறி, காற்புள்ளி, வரி முடிவு பற்றியெல்லாம் சொல்கிறது. 'இந்தக் கோப்பு இத்துடன் முடிந்தது, இதில் இத்தனை வரிசைகள்' என்று சொல்லும் அடையாளம் எதையும் அது வைக்கவில்லை. பாதியில் அறுந்த சிஎஸ்வி கோப்பும் முழுமையான சிஎஸ்வி கோப்பும் பார்வைக்கு ஒன்றுதான். அறுந்த இடம் ஒரு வரியின் முடிவாக அமைந்துவிட்டால் எந்தக் கருவியும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

தரவுத்தளக் கருவிகள் எப்படி நடந்துகொள்கின்றன

எக்செலை விட்டுத் தரவுத்தளத்துக்கு வந்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். அவையும் இதில் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபடுகின்றன.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் கோப்பை ஏற்றும் காபி என்ற கட்டளை இயல்பாகவே கண்டிப்பானது. ஒரு வரிசையில் பிழை இருந்தாலும் மொத்தமும் ரத்தாகும். எந்த வரி, எந்த நெடுவரிசை, என்ன மதிப்பு என்றும் சொல்லும். எல்லாம் ஏறிவிட்டால் எத்தனை ஏறின என்ற எண்ணைத் தரும். இந்தக் கண்டிப்பு பலருக்குத் தொல்லையாக இருந்தது. பத்து லட்சம் வரிசைகளில் ஒரே ஒரு தேதி தவறாக இருந்தாலும் முழுவதையும் மறுபடி ஓட்ட வேண்டும். 2024இல் வந்த 17ஆம் பதிப்பு, வகை பொருந்தாத வரிசைகளைத் தாண்டிச் செல்ல அனுமதிக்கும் 'ஆன் எரர்' விருப்பத்தைச் சேர்த்தது. எத்தனை வரிசைகள் தாண்டப்பட்டன என்பதை முடிவில் சொல்லிவிடுகிறது. கேட்டால் ஒவ்வொன்றையும் பற்றித் தகவல் தருகிறது. 18ஆம் பதிப்பில், இத்தனைக்கு மேல் தாண்ட நேர்ந்தால் வேலையையே நிறுத்திவிடு என்று சொல்லும் வசதியும் வந்துவிட்டது. நல்ல வரிசையில் நடந்த முன்னேற்றம் இது: முதலில் கண்டிப்பு, பிறகு தளர்வு, தளர்வுக்கு உடனே ஒரு கடிவாளம்.

மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளம் எதிர்த்திசையிலிருந்து வந்தது. பழைய பதிப்புகளில் நெடுவரிசைக்கு மேல் நீளமான மதிப்பு வந்தால் வெட்டிவிட்டு, எச்சரிக்கை எண்ணிக்கையை ஒன்று கூட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லும். 5.7ஆம் பதிப்பிலிருந்து கண்டிப்பான முறை இயல்பானது. ஆனால் ஒரு வாசல் இன்னும் திறந்திருக்கிறது. கோப்பு சர்வரில் இல்லாமல் நம் கணினியில் இருந்து, கோப்பை ஏற்றும் லோட் டேட்டா கட்டளையை 'லோக்கல்' என்ற சொல்லோடு ஓட்டினால், பிழைகள் எச்சரிக்கைகளாக இறங்கிவிடுகின்றன. ஏற்கெனவே உள்ள அடையாள மதிப்போடு (திறவுகோல்) மீண்டும் வரும் வரிசைகள் ஓசையின்றி ஒதுக்கப்படுகின்றன. நடுவில் கோப்பு வருவதை நிறுத்த சர்வருக்கு வழியில்லை என்பதே அதன் ஆவணம் சொல்லும் காரணம். முடிவில் ஒரு வரி வரும்: பதிவுகள் இத்தனை, நீக்கியவை இத்தனை, தாண்டியவை இத்தனை, எச்சரிக்கைகள் இத்தனை. அந்த நான்கு எண்களும்தான் உங்கள் ரசீது. பெரும்பாலான நிரல்கள் அதைப் படிப்பதில்லை. கட்டளை பிழை எழுப்பவில்லை என்பதையே வெற்றியாக எடுத்துக்கொள்கின்றன. எச்சரிக்கைகளை விரித்துப் பார்க்கப் போனாலும் 8.0ஆம் பதிப்பு இயல்பாக 1,024 மட்டுமே சேமித்து வைத்திருக்கும்.

மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்தில் கோப்பை மொத்தமாக ஏற்றும் பல்க் இன்செர்ட் கட்டளை, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் பத்துப் பிழைகள் வரை பொறுத்துக்கொள்ளும். அந்தப் பத்து யாருடைய பத்து என்று யாரும் முடிவு செய்ததில்லை. இயல்பு மதிப்பு என்பதால் இருக்கிறது.

என் பார்வையில் இந்த விஷயத்தில் மிக நேர்மையான வடிவமைப்பு ஆரக்கிள் தரவுத்தளத்தின் எஸ்கியூஎல் லோடருடையது. பயன்படுத்த அலுப்பூட்டும் பழைய கருவிதான், ஆனால் அதன் கணக்கு மூடியிருக்கும். ஏற்க முடியாத வரிசைகள் வந்த வடிவம் மாறாமல் 'பேட்' கோப்பில் போய் விழும். நிபந்தனைக்குப் பொருந்தாதவை தனியாக இன்னொரு கோப்பில். பதிவேட்டின் அடியில் தாண்டியவை, படித்தவை, நிராகரித்தவை, ஒதுக்கியவை என்று நான்கு மொத்தங்கள். எந்த வரிசையும் முகவரியில்லாமல் மறைய முடியாது. 'பேட்' கோப்பைத் திறந்து, திருத்தி, அதை மட்டும் மறுபடி ஏற்றலாம்.

இந்தப் பாதையை மீண்டும் அமைத்தால்

அந்த இறக்குமதியை இன்று ஒருவர் புதிதாக அமைப்பதானால் என்ன செய்ய வேண்டும்? விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை என்பதுதான் வருத்தத்தைக் கூட்டுகிறது.

ஆய்வகம் ஒவ்வொரு கோப்போடும் சிறு துணைக் கோப்பு ஒன்றை அனுப்ப வேண்டும். கோப்பின் பெயர், அதில் உள்ள முடிவுகளின் எண்ணிக்கை, முதல் மற்றும் கடைசி மாதிரியின் நேரம், கோப்பின் எஸ்எச்ஏ-256 கைரேகை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் குறியீடு) ஆகியவை அதில் இருக்கும். எண்ணிக்கையை ஆய்வகம் தன் தரவுத்தளத்தில் எண்ணி எழுத வேண்டும். உருவான கோப்பின் வரிகளை எண்ணி எழுதக் கூடாது. மேற்கோள் குறிக்குள் வரி முறிவு இருக்க சிஎஸ்வி அனுமதிக்கிறது. முகவரிக் கட்டத்தில் யாரோ என்டர் தட்டியிருந்தால் ஒரு நோயாளி இரண்டு வரிகளாகத் தெரிவார். அதைவிட முக்கியமாக, ஏற்றுமதியே பாதியில் நின்றிருந்தால், வரிகளை எண்ணுவது அந்தப் பாதியையே முழுமை என்று சான்றளித்துவிடும்.

பெறும் பக்கம் கைரேகையைச் சரிபார்த்த பிறகு, கோப்பை எல்லா நெடுவரிசைகளும் வெறும் உரையாக உள்ள ஓர் இடைநிலை அட்டவணையில் அப்படியே கொட்ட வேண்டும். ஒவ்வொரு வரிசையோடும் எந்தக் கோப்பு, எத்தனையாவது வரிசை என்பதும் பதிவாக வேண்டும். உரையாக வைத்திருப்பதால் தவறான தேதியோ, எழுத்து கலந்த எண்ணோ இந்தக் கட்டத்தில் எதையும் தடுக்காது, எதுவும் தொலையாது. அடுத்து ஒரே பரிவர்த்தனைக்குள், அதாவது முழுவதும் நிறைவேறும் அல்லது முழுவதும் ரத்தாகும் ஒரே வேலையாக, தேர்வு நடக்கும். சரியானவை முதன்மை அட்டவணைக்குப் போகும், தவறானவை காரணத்தோடு நிராகரிப்பு அட்டவணைக்கு, முன்பே வந்தவை இரட்டிப்பாகக் குறிக்கப்படும். பிறகு கூட்டல். உதாரணமாக, துணைக் கோப்பு 1,650 என்று சொல்ல, ஏற்றது 1,638, நிராகரித்தது 9, இரட்டிப்பு 3 என்றால் கணக்கு மூடுகிறது, பரிவர்த்தனை உறுதியாகிறது. ஒன்று குறைந்தாலும் எல்லாம் பின்வாங்கப்பட்டு, ஒரு மனிதரின் தொலைபேசி ஒலிக்க வேண்டும். ஆய்வகத்துக்கும் அதே நான்கு எண்கள் பதிலாகப் போக வேண்டும். அனுப்பியவர் தன் தரவு போய்ச் சேர்ந்ததை அறிந்துகொள்ளும் இந்தத் திரும்பும் பாதையைத்தான் பெரும்பாலான அமைப்புகள் மறந்துவிடுகின்றன.

இதில் இன்னொரு பயன் இருக்கிறது. கைரேகையும் கோப்பின் பெயரும் பதிவில் இருப்பதால், அதே கோப்பு தவறுதலாக இரண்டாம் முறை வந்தாலும் எண்ணிக்கை இரட்டிக்காது. இந்த உறுதி இருந்தால்தான் சந்தேகம் வந்த நேரத்தில் தயங்காமல் மறுபடி ஓட்ட முடியும்.

கோப்பு வராமலே போவதும் ஓர் இழப்புதான். எனவே எந்த ஆய்வகத்திலிருந்து எந்த மணிக்குள் கோப்பு வர வேண்டும் என்ற பட்டியல் தேவை. வராவிட்டால் அதுவே ஓர் எச்சரிக்கை. வரம்புகளையும் முன்கூட்டியே கண்காணிக்கலாம். ஒரு தாளில் 65,536 வரிசைகள்தான் என்று தெரிந்தால், 50,000ஐத் தாண்டிய அன்றே தகவல் வரும்படி வைப்பது சில வரி நிரல்.

இவை எல்லாவற்றையும் மீறிப் பிழை நுழைந்தால் பிடிக்க, எண்ணிக்கையின் போக்கையும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன நான்கு நாட்களை மறுபடி பாருங்கள்: மேல்நோக்கி வந்த கோடு திடீரென மட்டமாகிறது. வரம்பில் முட்டும் தரவின் அடையாளம் இது. ஒவ்வொரு கோப்பிலிருந்தும் ஏறிய எண்ணிக்கையை வரைபடமாகப் போட்டு வைத்திருந்தால், எந்தெந்த வார்ப்புருக்கள் 1,400ஐ ஒட்டி நிற்கின்றன என்பது கண்ணுக்கே தெரிந்திருக்கும்.

தொலையாமல் திரிந்துபோகும் மதிப்புகள்

வரிசைகள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகும் மதிப்புகள் மாறியிருக்கலாம். எண்ணிக்கை இதைப் பிடிக்காது. எக்செல் ஓர் எண்ணில் பதினைந்து இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும். பதினாறு இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிவிடும். முன்னால் பூஜ்ஜியம் உள்ள குறியீடுகள் அதை இழக்கும். மார்ச் 1, செப்ட் 1 போன்ற பெயருள்ள மரபணுக்கள் தேதிகளாக மாறிவந்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020இல் அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. எக்செல் இந்தத் தானியங்கி மாற்றத்தை அணைக்கும் வசதியைத் தந்தது 2023இல்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. எழுத்துகளைக் கணினியில் பதிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள். 'தமிழ்நாடு' என்ற சொல்லில் குறிகளையும் சேர்த்து ஒன்பது குறியீடுகள், ஆகவே 27 பைட்டுகள். ஆரக்கிளில் நெடுவரிசையின் நீளம் இயல்பாக பைட்டில் அளக்கப்படுவதால், 30 என்று ஒதுக்கிய பெயர் நெடுவரிசையில் பத்துக் குறியீடுகளுக்குத்தான் இடம். ஆங்கிலப் பெயர்களோடு சோதித்துத் திருப்தியடைந்த இறக்குமதி, தமிழ்ப் பெயர்கள் வந்த முதல் நாளிலேயே நிற்கும். நிற்பது நல்லது. வெட்டி ஏற்றும் கருவியாக இருந்தால் பாதிப் பெயரோடு ஆவணங்கள் உருவாகிவிடும். எனவே சோதனைத் தரவில் மிக நீளமான தமிழ்ப் பெயர்களைச் சேர்த்துவிட வேண்டும். எண்ணிக்கையோடு, தொகை உள்ள நெடுவரிசைகளின் கூட்டலையும், உரை நெடுவரிசைகளின் மொத்த எழுத்து எண்ணிக்கையையும் இரு பக்கமும் ஒப்பிட்டால் இத்தகைய திரிபுகள் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

ஏற்றுமதிப் பக்கம்

இறக்குமதியில் பிழை நேர்ந்தால் மூலம் எங்கோ இருக்கும். ஏற்றுமதியில் நேர்ந்தால், தெரியவரும்போது மூலமே இல்லாமல் போயிருக்கலாம்.

அன்றாடம் காணும் எளிய உதாரணம், மைஎஸ்கியூஎல் வொர்க்பெஞ்ச் என்ற திரைக் கருவி. வினவலின் விளைவை இயல்பாக 1,000 வரிசைகளோடு நிறுத்திக் காட்டும். திரையில் உள்ள அந்த விளைவைக் கோப்பாகச் சேமித்தால் கோப்பிலும் 1,000தான். கருவி தன் விதிப்படி சரியாகவே நடந்துகொள்கிறது. ஆனால் கோப்பைப் பெறுபவர் அந்தத் திரையைப் பார்ப்பதில்லை. சரியாக 1,000 என்று முடியும் எந்தக் கோப்பையும் சந்தேகிக்கச் சொல்லி, புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் வாரமே கற்றுக்கொடுப்பது நல்லது.

பெரிய உதாரணம் 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது. தரவுத்தள நகலெடுப்பில் வந்த சிக்கலைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர் ஒருவர், தவறுதலாக முதன்மைச் சர்வரின் தரவு அடைவையே அழித்துவிட்டார். சில நொடிகளில் நிறுத்தியும் ஏறத்தாழ 300 ஜிபி போய்விட்டது. சரி, அன்றாட பேக்கப் இருக்கிறதே என்று தேடினால், அது வைக்கப்பட வேண்டிய இடம் காலியாக இருந்தது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, ஏற்றுமதிக்கு ஓடியதோ 9.2 பதிப்பின் பிஜிடம்ப் என்ற கருவி. தன்னைவிடப் புதிய சர்வரைக் கண்டதும் பிஜிடம்ப் பிழை சொல்லி நின்றுவிடும். அது தன் கடமையைச் செய்தது. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்கள் முறையான கையொப்பம் இல்லாததால் பெறும் பக்கத்தில் நிராகரிக்கப்பட்டன. கருவி கத்தியது, கேட்க வேண்டியவர் காதுக்கு எட்டவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்து வைத்திருந்த வட்டுப் படிமத்திலிருந்து மீட்டார்கள். அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். இவை அத்தனையையும் நிறுவனம் ஒளிவுமறைவின்றி எழுதி வெளியிட்டது பாராட்டுக்குரியது. மற்றவர்கள் கற்றுக்கொள்ள முடிந்தது அதனால்தான்.

தோல்வி வந்தால் அறிவிக்கும் ஏற்பாடு, அறிவிப்பே தோற்றால் உதவாது. எனவே ஏற்றுமதி வெற்றி பெற்றால் ஒரு குறிப்பு எழுதட்டும். குறித்த நேரத்துக்குள் அந்தக் குறிப்பு வராவிட்டால், வேறொரு சர்வரில் ஓடும் கண்காணிப்பு ஆளை எழுப்பட்டும். கோப்பு இருக்கிறதா, அதன் அளவு நேற்றையதற்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த படி. இவை இரண்டும் சேர்ந்தாலும் கோப்பு திறக்கும் என்பதற்கு உறுதியில்லை. வாரம் ஒருமுறையாவது ஏற்றுமதிக் கோப்பை ஒரு வெற்றுச் சர்வரில் முழுவதுமாக மீட்டெடுத்து, ஒவ்வொரு அட்டவணையின் வரிசை எண்ணிக்கையையும், தொகைகளின் கூட்டலையும், மிகச் சமீபத்திய வரிசையின் நேரத்தையும், ஏற்றுமதி நடந்த வேளையில் மூலத்தில் குறித்துவைத்த எண்களோடு ஒப்பிட வேண்டும். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய கோப்பு ஒன்றே தினமும் புதிய பெயரில் நகலாகிக்கொண்டிருந்தால், முதலில் காட்டிக்கொடுப்பது அந்த நேரம்தான்.